வேலை செய்பவருக்கும் ஒரு பங்கு: ஊழியர் பங்குடைமை என்றால் என்ன?

நீலகிரியில் இருபது, முப்பது பேர் வேலை செய்யும் சிறு நிறுவனங்கள் ஏராளம். வர்க்கி சுடும் பேக்கரி, சாக்லேட் செய்யும் கூடம், சிறு விவசாயிகளிடம் பச்சைத் தேயிலை வாங்கித் தூளாக்கும் தொழிற்சாலை, தைலம் காய்ச்சும் இடம், தங்கும் விடுதி என்று ஊருக்கு ஊர் இருக்கின்றன. இவற்றை நடத்துபவர்களில் அறுபதைத் தாண்டியவர்களிடம் பேசிப் பாருங்கள். பிள்ளைகள் கோவையிலோ பெங்களூரிலோ கனடாவிலோ இருப்பார்கள். மலைக்குத் திரும்பி வந்து அடுப்பு எரிகிறதா, இலை வந்துவிட்டதா என்று பார்க்கும் எண்ணம் அவர்களுக்கு இருக்காது.

உங்களுக்குப் பிறகு தொழில் என்ன ஆகும் என்று கேட்டால் மூன்று பதில்கள்தான் வரும். மூடிவிடலாம், இடத்தை ரிசார்ட் கட்டுபவருக்கு விற்றுவிடலாம், சமவெளியிலிருந்து வரும் பெரிய கம்பெனியிடம் கொடுத்துவிடலாம். நான்காவது வழி ஒன்று இருப்பதை யாரும் அவர்களிடம் சொன்னதில்லை: இத்தனை வருடம் அந்த அடுப்பின் முன்னால் நின்றவர்களிடமே தொழிலை விற்பது. தானமாகக் கொடுக்கச் சொல்லவில்லை. உரிய விலைக்கு, உரிய முறையில் விற்பதைத்தான் சொல்கிறேன். ஊழியர் பங்குடைமை என்பது அதுதான்.

முதலில் பங்கைப் பற்றி. ஒரு தனியார் லிமிடெட் கம்பெனியின் உடைமையைச் சம அளவில் பிரித்தால் கிடைக்கும் ஒவ்வொரு கூறும் ஒரு பங்கு. குன்னூரில் ஒரு பேக்கரி இருப்பதாகக் கற்பனை செய்துகொள்வோம். அதில் ஒரு லட்சம் பங்குகள். தொழிலின் மொத்த மதிப்பு இரண்டு கோடி ரூபாய் என்று மதிப்பீட்டாளர் கணக்கிட்டிருக்கிறார். அப்படியானால் ஒரு பங்கு 200 ரூபாய். பங்கு வைத்திருப்பவருக்கு லாபத்தைப் பிரிக்கும்போது ஈவுத்தொகை கிடைக்கும். தொழில் வளர்ந்தால் பங்கின் விலையும் ஏறும். பங்குதாரர் கூட்டத்தில் வாக்கும் உண்டு. முதல் இரண்டும் பணம், மூன்றாவது அதிகாரம். இந்த விஷயத்தைப் பரிந்துரைப்பவர்களில் பலர் பணத்தோடு பேச்சை நிறுத்திக்கொள்வார்கள். அதிகாரம் இல்லாத பங்கு நெடுநாள் நிற்காது என்பது என் வாதம். ஏன் என்பதை மூணாற்றுக் கதை வரும்போது பார்க்கலாம்.

"அதுதான் போனஸ் தருகிறார்களே, பங்கு எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. போனஸ் என்பது சட்டம் வகுத்த அளவில், அதாவது சம்பளத்தில் 8.33 சதவீதம் முதல் 20 சதவீதம் வரை, அந்தந்த ஆண்டுக்குத் தரப்படும் தொகை. தீபாவளிக்கு முன் கைக்கு வரும், பொங்கலுக்குள் தீர்ந்துவிடும். பேக்கரியின் பெயர் ஊரெல்லாம் பரவி அதன் மதிப்பு இரண்டு கோடியிலிருந்து நான்கு கோடி ஆனாலும், போனஸ் வாங்கியவருக்கு அந்தக் கூடுதல் இரண்டு கோடியில் ஒரு ரூபாய்கூட இல்லை. அவர் கைப்பக்குவத்தால் வந்த பெயராகவே இருந்தாலும் இதுதான் நிலை.

இஎஸ்ஓபி: கணக்கோடு பார்ப்போம்

செய்தித்தாள்களில் இஎஸ்ஓபி (ESOP, Employee Stock Option Plan) என்று வருவது ஊழியர் பங்குடைமையின் ஒரு வடிவம். இன்றே பங்கைக் கையில் தரமாட்டார்கள். பின்னாளில் ஒரு குறிப்பிட்ட விலைக்கு வாங்கிக்கொள்ளும் உரிமையைத் தருவார்கள். நம் பேக்கரியில் பத்து வருடமாக மாவு பிசைபவர் ஒருவருக்கு 300 பங்குகளை, பங்கு ஒன்று 20 ரூபாய் வீதம் வாங்கும் உரிமை கிடைக்கிறது. ஆண்டுக்கு 75 பங்குகள் என நான்கு ஆண்டுகளில் அந்த உரிமை முழுமையாகும். இப்படிப் படிப்படியாக உரிமை சேர்வதற்கு வெஸ்டிங் என்று பெயர். 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் கீழ் வந்த விதிகளின்படி, முதல் கூறு சேர்வதற்கே குறைந்தது ஓராண்டு காத்திருக்க வேண்டும்.

நான்கு ஆண்டுகள் கழித்துப் பங்கின் விலை 350 ரூபாய் ஆகியிருக்கிறது என்று வையுங்கள். அவர் 6,000 ரூபாய் கட்டுகிறார். 1,05,000 ரூபாய் மதிப்புள்ள பங்குகள் அவர் பெயருக்கு வருகின்றன. இடையில் இருக்கும் 99,000 ரூபாயை வருமான வரித்துறை அந்த ஆண்டின் சம்பளமாகவே எண்ணும், அவர் ஒரு பங்கையும் விற்காவிட்டாலும். பிற்பாடு 400 ரூபாய்க்கு விற்றால், கூடுதலாகக் கிடைக்கும் 15,000 ரூபாய் மூலதன ஆதாயம். அதற்கான வரிக்கணக்கு தனி.

கையில் பணம் வராமலே வரி என்பதுதான் இஎஸ்ஓபி பற்றிய கட்டுரைகள் எல்லாம் எழுப்பும் பெரிய பூச்சாண்டி. பெங்களூரில் மென்பொருள் வேலை பார்ப்பவருக்கு அது உண்மையான தலைவலிதான். ஆனால் 2025-26 நிதியாண்டு முதல் புதிய வரி முறையில் ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய் வரை சம்பள வருமானத்துக்கு வரி கட்ட வேண்டியதில்லை. மாதம் இருபதாயிரம் வாங்கும் பேக்கரி ஊழியருக்கு இந்த 99,000 ரூபாய் சேர்ந்தாலும் வரி வராது. மலைத்தொழில்களைப் பொறுத்தவரை இது மேலாளர்களின் கவலை.

உண்மையான சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. விதிகள் நிரந்தர ஊழியர் என்று குறிப்பிடுகின்றன. சீசனுக்கு வருபவர், ஒப்பந்தக்காரர் வழியாக வருபவர், நாள்கூலிக்கு இலை பறிப்பவர் ஆகியோர் இந்த வட்டத்துக்குள் வரமாட்டார்கள். இன்று மலையில் எத்தனை இடங்களில் ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்தவர்கள் வேலை செய்கிறார்கள் என்பதைச் சுற்றிப் பார்த்தாலே தெரியும். பங்குத் திட்டம் என்ற பெயரில் அலுவலக அறையில் இருப்பவர்களுக்கு மட்டும் பங்கு பிரித்துக்கொண்டு, இலை சுமப்பவரை வாசலில் நிறுத்துவதற்குச் சட்டமே இடம் தருகிறது. நல்ல எண்ணமுள்ள முதலாளி முதலில் ஆட்களை நிரந்தரமாக்க வேண்டும். பங்கு அதற்குப் பிறகு.

இன்னொன்று: பங்கு என்பதே கம்பெனிகளுக்கு உரியது. தனி ஒருவர் பெயரில் நடக்கும் கடையிலோ கூட்டாண்மையிலோ இந்தத் திட்டத்துக்கு வழியில்லை. நம் ஊர்த் தொழில்கள் பெரும்பாலும் அப்படித்தான் நடக்கின்றன. அவர்கள் முதலில் தனியார் லிமிடெட்டாக மாற வேண்டும். ஆண்டுதோறும் தணிக்கை, பதிவாளரிடம் தாக்கல் என்று செலவு கூடும். அதை மறைப்பதில் பயனில்லை.

கையில் பணமில்லாதவர் கம்பெனி வாங்குவது எப்படி?

மேலே சொன்ன வடிவம் ஊழியருக்குச் சிறு பங்கைத் தரும். தொழிலையே கைமாற்றுவதற்கு இன்னொரு வடிவம் இருக்கிறது. அது 1956-இல் கலிஃபோர்னியாவில் பிறந்தது. பெனின்சுலா நியூஸ்பேப்பர்ஸ் என்ற பத்திரிகை நிறுவனத்தின் உரிமையாளர்கள் வயதாகி ஓய்வு பெற நினைத்தார்கள். ஊழியர்களுக்கு நிறுவனத்தை வாங்க ஆசை, ஆனால் கையில் பணம் இல்லை. லூயிஸ் கெல்சோ என்ற வழக்கறிஞர் வழி சொன்னார். ஊழியர்கள் சார்பாக ஓர் அறக்கட்டளை பங்குகளை வாங்கும். அதற்கான விலையை நிறுவனமே தன் வருங்கால லாபத்திலிருந்து சிறுகச் சிறுகச் செலுத்தும். ஊழியர் தன் சம்பளத்திலிருந்து ஒரு காசும் எடுக்க வேண்டியதில்லை. 1974-இல் அமெரிக்க ஓய்வூதியச் சட்டம் இந்த முறையை அங்கீகரித்தது. இன்று அந்த நாட்டில் ஆயிரக்கணக்கான நிறுவனங்கள் இப்படி நடக்கின்றன.

நம் பேக்கரிக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். ஆண்டுக்கு 30 லட்சம் ரூபாய் லாபம் வருகிறது. அதில் 20 லட்சத்தை ஆண்டுதோறும் பழைய முதலாளிக்குக் கொடுத்து வந்தால், வட்டியைத் தனியாக வைத்தால், பத்தாண்டில் இரண்டு கோடி அடைந்துவிடும். மீதி பத்து லட்சத்தில் அடுப்பை மாற்றலாம், வேன் வாங்கலாம். விற்கும் முதலாளிக்கு ஒரே நாளில் மொத்தப் பணமும் வராது என்பது உண்மை. ரிசார்ட்காரர் கையில் வைத்திருக்கும் பணப்பெட்டியோடு போட்டியிட இந்த வழியால் முடியாது. ஆனால் பெயர்ப்பலகை இருக்கும், அடுப்பு எரியும், இருபது குடும்பங்கள் மலையை விட்டு இறங்க வேண்டியதில்லை.

பிரிட்டன் 2014-இல், ஊழியர் அறக்கட்டளைக்குத் தொழிலை விற்பவர்களுக்கென வரிச் சலுகை கொண்டுவந்தது. பெட்டியோடு வருபவரைச் சமாளிக்க விற்பவருக்கு அப்படி ஓர் ஊக்கம் வேண்டும். இங்கே அறக்கட்டளை அமைக்கக் கம்பெனிகள் சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் பங்குச் சந்தையில் பட்டியலிடப்படாத பொது லிமிடெட் கம்பெனியாக இருந்தாலும்கூட, ஊழியர்களுக்குப் பங்கு வாங்கக் கம்பெனி தரும் பணம் அதன் மூலதனமும் கட்டற்ற இருப்பு நிதியும் (பங்குதாரர்களுக்குப் பிரித்துத் தரக்கூடிய, சேர்த்துவைத்த லாபம்) சேர்ந்த தொகையில் 5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. சிறு தனியார் லிமிடெட்டுகளுக்கு அந்தக் கட்டு இல்லை. மலையில் இருப்பவை பெரும்பாலும் சிறியவை என்பதால் இது நமக்குச் சாதகம். சிறுதொழிலுக்கு எத்தனையோ மானியம் அறிவிக்கும் அரசுகள், ஊழியரிடம் தொழிலை விற்பவருக்கு வரியில் ஒரு சலுகை தருவதைப் பற்றியும் யோசிக்கலாம்.

மூணாற்றில் நடந்தது

கொடைக்கானலுக்கு மேற்கே, மலைத்தொடரின் மறுபக்கம் மூணாறு. கேரளத்தில் இருந்தாலும் தேயிலைத் தோட்டங்களில் கேட்பது பெரும்பாலும் தமிழ்தான். நமக்குப் பக்கத்தில் நடந்த மிகப் பெரிய பங்குடைமைச் சோதனை அங்கே நடந்தது.

இரண்டாயிரத்தின் தொடக்கத்தில் தேயிலை விலை விழுந்து, இடுக்கி மாவட்டத்தின் பீர்மேடு பக்கம் தோட்டங்கள் ஒவ்வொன்றாக அடைபட்டன. மூணாற்றுத் தோட்டங்களில் நஷ்டம் கண்ட டாடா டீ, அவற்றை நேரடியாக நடத்துவதிலிருந்து விலக முடிவு செய்தது. 2005-இல் கண்ணன் தேவன் மலைத் தோட்டக் கம்பெனி உருவானது. பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியர்களில் மிகப் பெரும்பாலோர், கொழுந்து பறிக்கும் பெண்கள் உட்பட, அதில் பங்குதாரர் ஆனார்கள். பாதிக்கு மேற்பட்ட பங்குகள் ஊழியர்கள் கையில் வந்தன. ஒரு பகுதியை டாடா வைத்துக்கொண்டது. தோட்டம் மூடப்படவில்லை. கம்பெனி லாபத்துக்குத் திரும்பியது. பங்குடைமையைப் பாராட்டுபவர்கள் கதையை இங்கே முடித்துவிடுவார்கள்.

2015 செப்டம்பரில் அதே தோட்டங்களின் பெண்கள் ஆயிரக்கணக்கில் சாலையில் வந்து உட்கார்ந்தார்கள். அந்த ஆண்டு போனஸ் 10 சதவீதம் என்று அறிவித்திருந்தார்கள். அதற்கு முன் கிடைத்ததில் ஏறக்குறைய பாதி. நாள்கூலி அப்போது 232 ரூபாய். பெம்பிளை ஒருமை என்ற பெயரில் திரண்ட அவர்கள், ஆண்கள் தலைமை தாங்கிய தொழிற்சங்கங்களையும் கட்சித் தலைவர்கள் பலரையும் கிட்டே அண்டவிடவில்லை. சங்கத் தலைவர்கள் நிர்வாகத்தோடு சேர்ந்துகொண்டார்கள் என்பதே அவர்களின் கோபம். ஒன்பது நாள் மூணாறு முடங்கியது. கடைசியில் போனஸும் கருணைத் தொகையும் சேர்த்து 20 சதவீதம் என்று முடிவானது.

பங்குதாரர்களே தங்கள் கம்பெனிக்கு எதிராகச் சாலையை மறித்தார்கள் என்றால், பங்குடைமை தோற்றுவிட்டது என்று சிலர் எழுதினார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. 2005-இல் தோட்டத்தைக் காப்பாற்றியது பங்குடைமை. ஆனால் ஒரு பறிப்பாளர் கையில் இருக்கும் பங்கு சிறியது. அதில் வரும் ஈவுத்தொகையைவிட நாள்கூலியில் பத்து ரூபாய் ஏறுவது அவர் வீட்டுக்குப் பெரிது. கூலியையும் போனஸையும் முடிவு செய்யும் மேசையில் தனக்காகப் பேச ஆளில்லை என்று அவர் உணரும்போது, பெட்டியில் இருக்கும் பங்குப் பத்திரம் அவரை உடைமையாளராக உணரச் செய்யாது. பன்னிரண்டாயிரம் பேர் சிதறி வைத்திருக்கும் பங்கில், வாக்கு எல்லாருக்கும் உண்டு, குரல் யாருக்கும் இல்லை என்ற நிலை எளிதாக வந்துவிடும்.

அமெரிக்க நாடாளுமன்றத்துக்கான தணிக்கை அலுவலகம் 1987-இல் வெளியிட்ட ஆய்வும் இதே திசையைத்தான் காட்டியது. பங்கைக் கொடுத்ததால் மட்டும் நிறுவனத்தின் உற்பத்தி கூடியதற்குச் சான்று இல்லை. ஊழியர்கள் முடிவெடுப்பதிலும் பங்கேற்ற இடங்களில் முன்னேற்றம் தெரிந்தது. மூணாற்றில் சாலையில் உட்கார்ந்த பெண்களிடம் இதைப் படித்துக் காட்டியிருந்தால், இதற்கு ஆய்வு வேறா என்று கேட்டிருப்பார்கள்.

கூட்டுறவு இருக்கிறதே?

நீலகிரியில் உடைமையைப் பகிர்வது புதிய பேச்சு அல்ல. 1962-இல் குந்தாவில் தொடங்கிய கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலையைத் தொடர்ந்து மாவட்டம் முழுவதும் கூட்டுறவுத் தொழிற்சாலைகள் வந்தன. அவற்றின் இணையமாக 1965 முதல் இன்கோசர்வ் இயங்குகிறது. உறுப்பினர்கள் சிறு தேயிலை விவசாயிகள். கோத்தகிரியில் 2013-இல் உருவான ஆதிமலைப் பழங்குடியினர் உற்பத்தியாளர் நிறுவனத்தில், தேனும் காட்டுப் பொருள்களும் சேகரிக்கும் பழங்குடி மக்களே பங்குதாரர்கள்.

இரண்டிலும் ஒரு நல்ல விதி உண்டு: எத்தனை பங்கு இருந்தாலும் ஓர் உறுப்பினருக்கு ஒரு வாக்கு. சாதாரணக் கம்பெனியில் பங்குக்கு ஒரு வாக்கு. ஆயிரம் பங்கு வைத்திருப்பவர் ஆயிரம் வாக்கு போடுவார். ஆனால் கூட்டுறவுத் தொழிற்சாலையின் உடைமையாளர் இலை கொடுக்கும் விவசாயி. உள்ளே இலையை உலர்த்தி, உருளையில் போட்டு, சலித்து மூட்டை கட்டும் தொழிலாளி அங்கும் சம்பள ஆள்தான். இலை கொடுப்பவர், தூள் செய்பவர் இருவரையும் ஒரே கூரையின் கீழ் உடைமையாளர்களாக வைத்தால் இலை விலையில் மோதல் வரும். ஒருவருக்கு விலை ஏற வேண்டும், மற்றவருக்கு இறங்க வேண்டும். முடியாத காரியம் என்று சொல்ல மாட்டேன், எளிதானது என்றும் சொல்ல மாட்டேன்.

விற்க முடியாத பங்கு, எல்லாம் ஒரே கூடையில்

பட்டியலிட்ட கம்பெனியின் பங்கை எந்த நாளும் விற்கலாம். குன்னூர் பேக்கரியின் 300 பங்குகளை யாரிடம் விற்பது? மகள் திருமணத்துக்கு ஒரு லட்சம் தேவைப்படும்போது பங்குப் பத்திரத்தை நகைக்கடையில் அடகு வைக்க முடியாது. ஆகவே திட்டத்தை எழுதும்போதே, வேலையை விட்டுப் போனாலோ ஓய்வு பெற்றாலோ இறந்துபோனாலோ பங்கை யார், எந்த விலைக்கு, எத்தனை மாதத்துக்குள் திரும்ப வாங்குவார் என்பதை எழுத்தில் வைக்க வேண்டும். கம்பெனியே வாங்குவதற்கும் சட்டத்தில் உச்சவரம்பு உண்டு: ஒரு முறைக்கு மூலதனமும் கட்டற்ற இருப்பு நிதியும் சேர்ந்ததில் 25 சதவீதம். ஐந்தாறு மூத்தவர்கள் ஒரே ஆண்டில் ஓய்வு பெற்றால் பணத்துக்குத் திண்டாடாமல் இருக்க, முன்கூட்டியே ஒரு நிதியை ஒதுக்கி வர வேண்டும். திட்டங்கள் சறுக்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

அடுத்த ஆபத்து பெரியது. 2001-இல் அமெரிக்காவின் என்ரான் என்ற எரிசக்தி நிறுவனம் திவாலாவதற்கு முன், அதன் ஊழியர்களின் ஓய்வுக்காலச் சேமிப்பில் பாதிக்கு மேல் அதே நிறுவனத்தின் பங்குகளாக இருந்தன. நிறுவனம் விழுந்தபோது வேலையும் போனது, சேமிப்பும் போனது. மலையில் இது இன்னும் கூர்மை. தோட்டத் தொழிலாளியின் கூலி தேயிலையை நம்பி இருக்கிறது, குடியிருக்கும் லைன் வீடு தோட்டத்தினுடையது, அக்கம்பக்கத்தில் கிடைக்கும் வேலைகளும் தேயிலை வேலைகளே. குன்னூர் ஏலத்தில் விலை சரிந்தால் எல்லாம் ஒன்றாக ஆடும். ஆகவே பங்கு, கூலிக்கும் வருங்கால வைப்பு நிதிக்கும் மேல் வருவதாக இருக்க வேண்டும். "சம்பளத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள், பங்காகத் தருகிறேன்" என்று எந்த முதலாளி சொன்னாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பங்குடைமையை ஆதரித்து எழுதுகிற நானே இதைச் சொல்கிறேன்.

ஒரு முதலாளி இதைத் தொடங்க விரும்பினால், முதல் ஆண்டில் பங்கே கொடுக்க வேண்டாம் என்பேன். மூன்று மாதத்துக்கு ஒரு முறை எல்லாரையும் உட்கார வைத்து வரவு செலவைப் படித்துக் காட்டட்டும்: மைதா என்ன விலை, விறகுக்கு எவ்வளவு போனது, தான் எவ்வளவு எடுத்துக்கொண்டார். முதல் கூட்டத்தில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். ஐயா எதையோ மூடப் போகிறார் என்றுகூட நினைப்பார்கள். இரண்டு மூன்று கூட்டம் போனால், "அண்ணே, சுற்றுலாப் பயணிகள் வரும் மே மாதத்தில் நாம் ஏன் வெளியே கடை போடுவதில்லை?" என்று யாராவது கேட்பார்கள். அதற்குப் பிறகு மதிப்பீட்டாளரைக் கூப்பிட்டுப் பத்து சதவீதப் பங்கில் தொடங்கலாம். நிரந்தர ஊழியர் அனைவருக்கும் தர வேண்டும். ஊழியர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ஒருவருக்கு இயக்குநர் குழுவில் இடமும் வேண்டும். பங்கு எத்தனை சதவீதம் என்பதில் பேரம் பேசலாம். அந்த இருக்கையில் மட்டும் பேரம் பேசாதீர்கள்.

ஊழியராக இருந்து இப்படி ஒரு திட்டத்தில் கையெழுத்து போடச் சொன்னால், கேட்க வேண்டியவற்றை முன்னமே கேட்டுவிடுங்கள். பங்கின் விலையை யார், எத்தனை ஆண்டுக்கு ஒரு முறை மதிப்பிடுவார்கள்? நான் போகும்போது திரும்ப வாங்குவது கட்டாயமா, விருப்பமா? கணக்கை நான் பார்க்கலாமா? தொழிலை வேறொருவருக்கு விற்கும் நாள் வந்தால் என் வாக்கு எண்ணப்படுமா? பதில்களை வாய்ச்சொல்லாக வாங்கிக்கொள்ளாமல், தமிழில் எழுதி, கையொப்பமும் தேதியும் போட்டுத் தரச் சொல்லுங்கள்.